ஒரே ஒரு நேயர்

ஜூலை 3

விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. மூன்று பேர் அறை. மற்ற இருவரும் கணினி அறிவியல், இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், சேர்ந்தே எழுந்து சேர்ந்தே சாப்பிட்டுச் சேர்ந்தே சிரிக்கிறார்கள். எனக்கு நடுக்கட்டில். அவர்கள் பேசுவது என் தலைக்கு மேலேயே போய் வருகிறது. நடுவில் படுத்திருக்கிற எனக்கு ஒரு வார்த்தைகூட விழுவதில்லை.

வார்டன் கேட்டார்: "கோயமுத்தூர்ல சொந்தக்காரங்க ஒருத்தரும் இல்லையா? அவசரத்துக்குக் கூப்பிட?"

"ஒருத்தரும் இல்ல" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தார்.

ஜூலை 6

முதல் வகுப்பு. இதழியல் துறை வசுமதி மேடம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறார், மூக்குக்கு இறக்கிவிட்டு எங்கள் எழுத்தைப் பார்க்கிறார். முகத்தைப் பார்க்கும்போதுதான் அன்பாக இருக்கிறார்.

பேருந்து கவிழ்ந்த விவரங்களைப் பலகையில் எழுதிப்போட்டு, செய்தியாக எழுதச் சொன்னார். நான் "அன்று காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது" என்று ஆரம்பித்தேன். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படித்துவிட்டு, "பொன்கனி, பஸ் எப்பம்மா கவிழும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

செய்தியில் முக்கியமானதை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட வேண்டுமாம். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

ஜூலை 9

என் வாளியைக் காணவில்லை. மேலே பெரிதாகப் பெயர் எழுதி வைத்திருந்தேன். படித்தவர்கள்தான் எடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 15, ஞாயிறு

சிங்காநல்லூர் வரை போய் வந்தேன். சும்மாதான். அங்கே பார்க்க ஒரு குளம் இருக்கிறது. குளத்தை ஐந்து நிமிடம் பார்த்தேன். மீதி நேரம் காய்கறிச் சந்தையில் சுற்றினேன். ஒன்றும் வாங்கவில்லை. கத்தரிக்காய்க் கடைக்காரர், "அம்மிணி, மூணு தடவ வந்துட்டீங்க, என்னதானுங்க வேணும்?" என்றார். என்னதான் வேண்டும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

சாயங்காலம் அம்மா பேசினாள். அப்பா கருப்பட்டி மண்டியிலிருந்து வருவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 22, ஞாயிறு

ஒண்டிப்புதூர். பஸ் பாஸ் இருக்கிறது, அறையில் உட்கார்ந்து என்ன செய்வது. இங்கே வீட்டு வாசல்களில் பெண்கள் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறார்கள். தெருத்தெருவாக நடந்தேன். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. அங்கிருந்த அம்மாள் "ஆரத் தேடறீங்க கண்ணு?" என்று கேட்டார். "பஸ் ஸ்டாப்" என்றேன். பஸ் ஸ்டாப் எனக்குப் பின்னால்தான் இருந்தது.

ஜூலை 27

எங்கள் கல்லூரிக்கென்று ஒரு வானொலி இருக்கிறது. நூலகத்துக்கு மேல்மாடி. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்து, உள்ளே போனால் நம் மூச்சு நமக்கே கேட்கிறது. பத்துக் கிலோமீட்டர் வரைக்கும் எடுக்குமாம். சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் எல்லாம் வரும் என்று பொறுப்பாளர் அண்ணன் வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டினார். அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் சொன்னார்: "வெகுஜன ஊடகம்னு பேருதான். ஆயிரம் பேருக்குன்னு எழுதுனீங்கன்னா ஒருத்தர் காதுலயும் விழாது. ஒரே ஒருத்தருக்கு எழுதுங்க. அந்த ஒருத்தர் யாருன்னு இன்னைக்கே எழுதிக் குடுங்க. வயசு, வீடு, என்ன செஞ்சுட்டே ரேடியோ கேக்கறாங்க, எல்லாம்."

எல்லோரும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே மூச்சில் எழுதினேன். இருபத்தாறு வயது. இடது கைக்காரி. இடது கையால் பரிமாறக்கூடாது என்று வீட்டில் அடி வாங்கியவள், அதனால் கரண்டி பிடிக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பாகப் பாடுவாள், ஆள் வந்தால் நிறுத்திவிடுவாள். மதியம் வேலை முடிந்ததும் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்காருவாள், பெருவிரலை ஆட்டிக்கொண்டே இருப்பாள்.

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "யாரும்மா இது? நேர்ல பழகுன ஆள் மாதிரி இருக்கு."

"கற்பனைதான் மேடம்."

"நல்ல கற்பனை" என்றார். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

ஆகஸ்ட் 2

நேரம் பிரித்தார்கள். எல்லோரும் காலை, மாலை நேரங்களுக்கு அடித்துக்கொண்டார்கள். மதியம் இரண்டரை யாருக்கும் வேண்டாம், அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லையாம். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வார நாட்களில் பத்து நிமிடம், வீட்டுக்குறிப்புகள். "கை ஓய்ந்த நேரம்" என்று பெயர் வைத்திருக்கிறேன். மேடத்துக்குப் பிடித்திருந்தது.

எழுதுவது நான், படிப்பது மிருதுளா. மிருதுளா பீளமேட்டுப் பெண், வீட்டிலிருந்து வந்து போகிறாள். குரல் தேன். மைக் முன்னால் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று மேடம் சொல்லிவிட்டார். எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. குரலைக் கேட்டு யாராவது என்னை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றா நான் இந்தப் படிப்புக்கு வந்தேன்?

நிலையத்தில் ஒரு பழைய பட்டன் போன் இருக்கிறது. நிகழ்ச்சி பிடித்திருந்தால் நேயர்கள் அந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். ஒரு மணி அடித்ததும் கட்டாகிவிடும். அதுதான் இங்கே கைதட்டல். எந்தக் காரணம் கொண்டும் அந்த எண்களுக்கு நாம் திரும்பக் கூப்பிடக்கூடாது. இது நிலையத்தின் முதல் விதி. பொறுப்பாளர் அண்ணன் விளக்கினார்: "பாதிப் பேரு வீட்டுக்காரர் போன்ல இருந்து, மாமியார் போன்ல இருந்து பண்றவங்க. நாம கூப்பிட்டு, 'யாரு இவன்'னு வீட்டுல கேட்டாங்கன்னா அவங்க ரேடியோ கேக்கறதே நின்னு போயிரும்."

ஆகஸ்ட் 8

முதல் நிகழ்ச்சி. கருப்பட்டிக் காப்பியில் ஒரு கல் உப்புப் போட்டால் கசப்பு அடங்கும் என்று எழுதியிருந்தேன். மேடம் சிவப்பு மையால் அடித்துவிட்டார். "இங்க யாரும்மா தெனமும் கருப்பட்டிக் காப்பி போடறா? டீன்னு மாத்து. உன் ஊருக்கு எழுதாத, கேக்கறவங்க ஊருக்கு எழுது."

டீ என்று மாற்றினேன். டீயில் யார் உப்புப் போடுவார்கள்? அதை இஞ்சி என்று மாற்றினேன். கடைசியில் எல்லா வானொலியிலும் எல்லா மதியமும் வரும் இஞ்சி டீ ஆகிவிட்டது.

ஒரு மிஸ்டு காலும் வரவில்லை.

ஆகஸ்ட் 10

வெந்தயம். ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 14

இன்று ஒரு வேலை செய்தேன். மேடம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, மிருதுளாவிடம் தனியாக ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன்: "தலைக்குக் குளித்தால் துவர்த்துத் துண்டு வேண்டாம். அப்பாவின் பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டால் ஈரம் பைய இழுக்கும், முடி கொட்டாது."

"சாரம்னா?" என்றாள் மிருதுளா.

"லுங்கி."

"அப்ப லுங்கின்னே படிக்கறனே?"

"சாரம்னே படி."

"இங்க ஆருக்குப்பா புரியும்?"

"புரியறவங்களுக்குப் புரியும்."

படித்தாள். நிகழ்ச்சி முடிந்து பாட்டு போட்ட உடனே போன் ஒரு தடவை அடித்து நின்றது. தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டேன். மிருதுளா "ஒரு மிஸ்டு காலுக்கா இப்படி?" என்றாள். முதல் நேயர் அல்லவா, யாருக்கும் சந்தோஷம் இருக்கத்தான் செய்யும்.

எண்ணைப் பார்த்தேன். மனப்பாடம் ஆகிவிட்டது, நான் ஒன்றும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 24

சோதித்துப் பார்த்துவிட்டேன். மேடம் சொன்னபடியே எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதினால் அந்த எண் வருவதில்லை. கொட்டாங்கச்சிக்குச் சிரட்டை, துடைப்பத்துக்கு வாரியல், சர்க்கரைக்குச் சீனி என்று வீட்டுச் சொல் ஒன்று உள்ளே இருந்தால் அன்றைக்குக் கட்டாயம் வருகிறது. நேற்றுக் கருப்பட்டிக் காப்பியையும் உப்பையும் திரும்ப நுழைத்துவிட்டேன். பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே அடித்துவிட்டது.

வேறு யாருக்கு அந்த உப்பு தெரியும்?

ஆகஸ்ட் 31

மேடம் கண்டுபிடித்துவிட்டார். நிகழ்ச்சியை அறையில் கேட்டிருக்கிறார்.

"நான் கையெழுத்துப் போட்டதுல இது இல்லையே."

"நீங்கதான் மேடம் ஒரே ஒருத்திக்கு எழுதச் சொன்னீங்க."

"ஒருத்திய மனசுல வெச்சுட்டு எல்லாருக்கும் எழுதச் சொன்னேன். ஒருத்திக்கு மட்டும் எழுதுனா அது ரேடியோ இல்லம்மா, மொட்டைக் கடுதாசி."

கோபமாக இல்லை, ஆனால் உறைத்தது. மதிப்பெண்ணில் கைவைத்துவிட்டார். எனக்குக் கவலையில்லை. மேடத்துக்கு என்ன தெரியும்? அவருக்கு யாராவது மிஸ்டு கால் கொடுக்கிறார்களா?

செப்டம்பர் 13

விநாயகர் சதுர்த்தி. விடுதி காலி. என் அறைக்காரிகள் இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அப்பா என்னோடு பேசுவதே கணக்குப் பார்ப்பது மாதிரி இருக்கும்: மார்க் எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு. போய் என்ன செய்ய. மெஸ்ஸில் என் ஒருத்திக்குத் தட்டு வைத்து, ஒரு கொழுக்கட்டையும் வைத்தார்கள். பரிமாறுகிற அம்மா பக்கத்தில் நின்று நான் சாப்பிட்டு முடிப்பதற்காகக் காத்திருந்தார். கொழுக்கட்டையைப் பாதியில் வைத்துவிட்டேன். இந்த ஊரில் என்னை நினைத்துக்கொண்டு இப்போது யாராவது இருக்கிறார்களா என்று யோசித்தேன். ஒரு எண் இருக்கிறது.

கூப்பிட்டுவிட்டேன். விதி தெரியும். தெரிந்தேதான் கூப்பிட்டேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, என் சொந்தப் போனிலிருந்து.

ஆண் குரல். "ஆரு பேசறது?"

உடனே போனை வைத்திருக்க வேண்டும். "ரேடியோல இருந்து பேசுதேன், அக்கா இருக்காவளா?" என்று ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிட்டது.

"எந்த அக்கா? என்ற போன்ல இருந்து எவளோ பண்ணியிருக்காளா?" என்றான். பின்னால் நிறையப் பெண் குரல்கள், தட்டுகள் மோதுகிற சத்தம். "ஏய், எவடி என்ற போனை எடுத்தது?" என்று அவன் அவர்களைப் பார்த்துக் கத்தினான். சத்தம் எல்லாம் ஒரேயடியாக நின்றது. பிறகு கட்டாகிவிட்டது.

செப்டம்பர் 14

சாரம், சிரட்டை, பனங்கிழங்கு எல்லாம் ஒரே நிகழ்ச்சியில் போட்டேன். வரவில்லை.

செப்டம்பர் 18

வரவில்லை.

செப்டம்பர் 19

மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவர் அடிக்கவில்லை, பெருமூச்சு விட்டார்.

"உனக்குக் கைதட்டல் போதலையா? தட்டுன கையையும் பாக்கணுமா?"

"அது யாருன்னு தெரிஞ்சாப் போதும்னு நெனச்சேன் மேடம்."

"தெரியாம இருக்கறதுலதாம்மா அவங்களுக்குப் பாதுகாப்பு. இந்தத் தொழில்ல கேக்கறவங்களத் தேடிப் போகக்கூடாது. அவங்களா வந்தாத்தான் உண்டு."

வெளியே வந்து கழிப்பறையில் நின்று அழுதேன். அந்த வீட்டில் என்னால் என்ன நடந்ததோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் அது எந்த மாதிரி வீடு? அத்தனை தட்டுகள் ஏன்?

செப்டம்பர் 23, ஞாயிறு

மதியம் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார், வாசலில் மூன்று பெண்கள் ரேடியோகாரங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். விடுதிப் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

மூன்று பேரும் என் வயதுதான். ஒரே மாதிரி சுடிதார், தலையில் ஒரே மாதிரி பஞ்சுத் தூசி. பக்கத்தில் இருக்கிற நூற்பாலை விடுதிப் பெண்கள். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வெளியே விடுவார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமையில் கடைத்தெருவுக்குப் போகாமல் வழி விசாரித்து நடந்தே இங்கே வந்திருக்கிறார்கள்.

முன்னால் நின்றவள் பெயர் பேச்சித்தாய். கயத்தாறு பக்கம்.

"எங்க ரூம்ல எல்லாரும் நம்ம பக்கந்தான்க்கா. திருநவேலி, சாத்தூர், வெளாத்திகொளம். மத்தியான ஷிப்டு இல்லாதவங்க ரேடியோவச் சுத்தி உக்காந்திருப்போம். அன்னைக்கி அந்தப் பொண்ணு 'சாரம்'னு சொல்லவும் ஒருத்தி எந்திரிச்சு உக்காந்துட்டா. 'ஏ, நம்மாளுடி'ன்னா. அழுதுட்டாளுக. சமையக்காரர் தூங்கும்போது அவரு போன எடுத்து நாந்தான் மிஸ்டு கால் குடுத்தேன். ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னு குடுக்க முடியுமா? எல்லாருக்கும் சேத்து ஒண்ணு."

"உப்புப் போட்ட காப்பி?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுலயும் போடுவாவ. எல்லா வீட்லயும் போடுவாவல்ல?"

எல்லா வீட்டிலும் போடுவார்களாம். எங்கள் வீட்டில் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்தது, அதைச் சொல்லாமல் போகவில்லை. "நீங்க எதுக்குக்கா திரும்பப் பண்ணுனீய? நாங்க மிஸ்டு காலுதான குடுத்தோம்? அந்தாளு இப்ப போன இடுப்புலயே சொருகி வச்சிருக்கான். இனி குடுக்க முடியாது. ஆனா கேக்கோம். அதச் சொல்லத்தான் வந்தோம்."

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "ஒங்க மில்லுல சந்திரகனின்னு யாராவது இருக்காவளா? ஒடங்குடி. இடது கைக்காரி."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்லக்கா."

கடலை மிட்டாய் கொண்டு வந்திருந்தார்கள். கொடுத்துவிட்டுப் போனார்கள். தெருமுனை திரும்பும்வரை கையசைத்தார்கள். இவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் சந்தோஷமாக இருக்க வேண்டும். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 24

எழுதிவிடுகிறேன். சந்திரகனி என் அக்கா. ஐந்து வருடங்களுக்கு முன்னால் எங்கள் மண்டிக்குக் கருப்பட்டி ஏற்ற வந்த லாரி டிரைவரோடு போய்விட்டாள். இந்தக் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது, வேறொருவனோடு. அப்பா அன்றைக்குச் சொன்னார், "எனக்கு ஒரே மவதான்" என்று. அது நான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் பெயரைச் சொன்னவர் இல்லை. எங்கேயோ சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பக்கம் இருக்கிறாள் என்று மண்டியில் யாரோ பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அதனால்தான் இந்தக் கல்லூரி. ஊடகம், எழுத்து என்று அப்பாவிடம் சொன்னதெல்லாம் கதை. அம்மாவையும் ஏமாற்றித்தான் வந்தேன்.

அவளைத் தேடி வந்து, ஒரு மாதமாக ஒரு சமையல்காரனின் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 28

ரசம் வைப்பது எப்படி. மேடம் ஒரு சொல்கூட அடிக்கவில்லை.

அக்டோபர் 4

துணி துவைத்தேன். மழை வந்து நனைந்தது. மறுபடி துவைக்கவில்லை.

அக்டோபர் 17

நான் அக்காவைத் தேடித்தான் இங்கே வந்தேன் என்று அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும்.

நாளை ஆயுத பூஜை. வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அப்பா மண்டியில் தராசுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருக்கிறாராம். அம்மா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, அவளப் பாத்தியா?" என்றாள்.

"எவள?"

"நடிக்காதட்டி. திருநவேலியில காலேஜ் இல்லாமலா ஒன்ன அம்புட்டுத் தூரம் அனுப்புனேன்? ஒங்கப்பாட்ட, அங்கதான் படிப்பு நல்லாருக்குன்னு ஒத்தக்கால்ல நின்னேன். எனக்கு என்ன தெரியும் படிப்பப் பத்தி? நீ வாயத் தொறந்து சொல்லுவன்னு நாலு மாசமாப் பாக்கேன். சொல்ல மாட்டேங்க."

நான் அழுதேன். அவளும் அழுதாள். எஸ்.டி.டி. காலத்து ஆள், காசு ஆகும் என்று அழுகையைச் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள்.

வானொலியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "அதுல நீ பேசுனா அவளுக்குக் கேக்குமா?"

"கேக்கலாம். தெரியாதும்மா."

"அப்பம் ஒண்ணு சொல்லு. அவ கல்யாணத்துக்குன்னு எடுத்தமுல்லா, மயில்கழுத்துக் கலர் பட்டு. ஒங்கப்பா அத எரிக்கச் சொன்னாவ. எரிச்சுட்டேன்னு சொல்லிட்டேன். அரிசிப் பானைக்குப் பின்னால வச்சிருக்கேன். அவிய இல்லாத நேரம் பாத்து மடிப்பு மாத்தி மாத்தி வைக்கேன். ஒனக்கும் குடுக்க மாட்டேன், யாருக்கும் குடுக்க மாட்டேன். அதச் சொல்லு. போதும்."

அக்டோபர் 23

எழுதிவிட்டேன். பட்டுச்சேலையைப் பாதுகாப்பது எப்படி.

மேடத்திடம் கொடுக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அக்கா, மண்டி, சமையல்காரன் எல்லாம். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படித்தார். நெற்றிக்கு ஏற்றினார். மறுபடி இறக்கிப் படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்து ஒரே ஒரு சொல்லை அடித்தார். அக்காவின் பெயரை.

"அவ மாமியார் பக்கத்துல உக்காந்திருக்கலாம். பேரு வேண்டாம். இது அவளுக்குன்னா அவளுக்குத் தெரியும்."

"மீதி இருக்கட்டுமா மேடம்?"

"மீதி எல்லாருக்கும் உதவும். பட்டு எடுத்து வெச்சிருக்கற வீடு எல்லாம் கேக்கட்டும்."

மிருதுளா ஒத்திகைக்கு உட்கார்ந்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். "இத நான் படிச்சா நல்லா இருக்காதுப்பா. உங்கம்மா பேசற மாதிரி இருக்கு. நீயே படி."

"எனக்கு மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும்."

அக்டோபர் 24

படித்தேன். மூச்சு வாங்கியது.

இதைத்தான் படித்தேன்: "பட்டுச்சேலையை அப்படியே மடித்து வைத்தால் மடிப்பிலேயே கிழியும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வெளியே எடுங்கள். வெயில் ஆகாது, நிழலில் ஆறப்போடுங்கள். பழைய மடிப்பை விட்டுவிட்டு வேறு இடத்தில் மடியுங்கள். எங்கள் வீட்டில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு இருக்கிறது. கட்டாத சேலை. எங்கள் அம்மா அதை ஐந்து வருடமாக இப்படித்தான் மடிப்பு மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக்கூடத் தர மாட்டேன் என்கிறாள். அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. ஒரு நூல் போகவில்லை. அதற்கு உரியவள் எப்போது வந்தாலும் கட்டிக்கொள்ளலாம்."

பாட்டு போட்டார்கள். மிருதுளா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். போன் ஒரு தடவை அடித்து நின்றது, தெரியாத எண். இன்னொன்று அடித்து நின்றது. மூன்றாவதும். பட்டு எடுத்து வைத்திருக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன போலிருக்கிறது. பேச்சித்தாய்க்கும் எப்படியோ ஒரு போன் கிடைத்திருக்கலாம்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது மறுபடி அடித்தது. இது நிற்கவில்லை. மிஸ்டு கால் ஒரு மணியில் நின்றுவிட வேண்டும். இது அடித்துக்கொண்டே இருந்தது. பொறுப்பாளர் அண்ணன் என்னைப் பார்த்தார். "அவங்களாத்தான் கூப்பிடறாங்க, எடு" என்றார்.

எடுத்தேன். குழந்தைக் குரல். நான்கு வயது இருக்கும், பெண் குழந்தை.

"ரேடியோங்களா?"

"ஆமா. நீங்க யாரு?"

"எங்கம்மா அழுகுதுங்க. அதுதான் நம்பரு அடிச்சுக் குடுத்துச்சு. பேசச் சொன்னா பேச மாட்டீங்குது."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அம்மா ஏன் அழுவுது கண்ணு?" என்று கேட்டேன்.

"இந்த ரேடியோ போட்டா தெனமும் அழுகுமுங்க. இன்னிக்குத்தான் ரொம்ப அழுகுது."

தினமும். சாரம், சிரட்டை, உப்புப் போட்ட காப்பி, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அழுதிருக்கிறாள். ஒரு மணிகூட அடிக்காமல் இருந்திருக்கிறாள்.

"போன அம்மா காதுல வைக்கியா?" என்றேன்.

ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. "வெச்சுட்டனுங்க" என்று தூரத்திலிருந்து குழந்தை கத்தியது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

எழுதி வைத்தது எதுவும் கையில் இல்லை. பத்து நிமிட நிகழ்ச்சிக்கு ஒரு நாள் முழுக்க எழுதுகிறவள் நான்.

"யக்கா, சாப்பிட்டியா?" என்றேன்.